புதுப்பிப்பு: பிரிண்டருக்கான 40 யூரோ வந்து சேர்ந்தது

189 யூரோவுக்கு வாங்கிய பிரிண்டருக்கு, ரசீதையும் பெட்டியின் பார்கோடையும் தபாலில் அனுப்பினால் 40 யூரோ திருப்பித் தருவார்களாம், நம்பிக் காத்திருக்கலாமா என்று மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன். நேற்று பணம் கணக்கில் விழுந்துவிட்டது. மொத்தம் பதினொரு வாரம்.

ஆனால் சும்மா வரவில்லை. ஆறாவது வாரம், ரசீது படிக்க முடியவில்லை என்று மின்னஞ்சல் வந்தது. பில் வெப்பத்தாளில் அச்சடித்தது. நம் ரீயூனியன் தீவின் தலைநகர் சான் தெனி வெயிலில் காரின் டாஷ்போர்டில் இரண்டு நாள் கிடந்ததில் தேதி இருந்த இடம் கறுத்துப்போயிருந்தது, அவசரத்தில் அதையே அனுப்பிவிட்டேன். நல்லவேளை, கடையிலேயே போனில் படம் எடுத்திருந்தேன், அதுதான் காப்பாற்றியது.

பார்கோடை வெட்டும் முன் சாதனத்தை ஓட்டிப் பாருங்கள். வெட்டிய பெட்டியைத் திரும்ப எடுக்கக் கடைக்காரர் முரண்டு பிடிக்கலாம். தபால் கடைசித் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள், வங்கியின் ரிப் தாளை (கணக்கு விவரம் உள்ள தாள்) மறக்காதீர்கள். நம் தீவுக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது நிபந்தனையின் பொடி எழுத்து: 'பிரான்ஸ் மெட்ரோபொலித்தேன்' (ஐரோப்பாவில் உள்ள பிரான்ஸ்) என்று மட்டும் இருந்தால் ரீயூனியன் அதில் சேராது, 'டோம்' அல்லது 'ட்ரோம்' (நம்மைப் போன்ற கடல்கடந்த பிரெஞ்சுப் பகுதிகள்) என்றும் போட்டிருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், அந்த 40 யூரோ வராவிட்டாலும் விலை கட்டுப்படியாகும் என்றால் மட்டும் வாங்குங்கள். போன வாரம் அண்ணிக்கு வாஷிங் மெஷின் பார்த்தோம், திருப்பித் தரும் தொகை பெரிதுதான், ஆனால் நிபந்தனையில் நம் தீவு இல்லை. சரி என்று பக்கத்துக் கடையில் விலை குறைவாக இருந்ததையே எடுத்துவிட்டோம்.