புதுப்பிப்பு: குடியிருப்பு வளாகத்தில் குவிந்த பழைய டயர்கள்

எங்கள் குடியிருப்பு வளாகத்தின் பின்புறத்தில் குவிந்து கிடக்கும் பழைய டயர்களை என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பூந்தொட்டியாக்கலாம் என்று சிலரும் மறுசுழற்சிக்கு அனுப்பலாம் என்று சிலரும் சொன்னீர்கள். அதன் பிறகு நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன்.

முதல் வேலை கொசுவை ஒழிப்பதாகத்தான் இருந்தது. டயர்களுக்குள் தேங்கிய நீரைக் கவிழ்த்துக் கொட்டினால் போதும் என்று பலரும் எண்ணினர். ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருந்து, அடுத்த மழை நீரில் பொரிக்கக்கூடியவை என்பதால், உட்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகே டயர்களைக் கூரையின் கீழ் அடுக்கினோம்.

அதிகம் சேதமடையாதவற்றை ரீட்ரேடிங் (தேய்ந்த டயரின் மேல் புதிய ரப்பர்ப் பட்டை ஒட்டுவது) செய்பவர் எடுத்துக்கொண்டார். எஞ்சியவை மறுசுழற்சி ஆலைக்குச் சென்றன. கந்தகம் சேர்த்துச் சூடேற்றி இறுக்கப்பட்ட ரப்பர், பிளாஸ்டிக்கைப் போல மீண்டும் உருகாது. ஆகவே அங்கே டயரை அரைத்து, இரும்புக் கம்பிகளைக் காந்தத்தால் பிரித்தெடுத்து, ரப்பர் துகளைச் சாலைத் தாருடன் கலப்பதற்கும் விரிப்புகள் செய்வதற்கும் அனுப்புகிறார்கள். ரிம்முடன் இருந்தவற்றை மட்டும் ஏற்க மறுத்துவிட்டனர்.

பூந்தொட்டி யோசனைக்கு அரை மனதோடுதான் சம்மதித்தேன். டயரில் துத்தநாகம் முதலிய சேர்மங்கள் இருப்பதால் கீரையும் காய்கறியும் வேண்டாம், பூச்செடிகள் போதும் என்று முடிவாயிற்று. தரையில் படியும் பக்கச் சுவரின் மடிப்பில் துளையிட மறக்க வேண்டாம். நீர் தேங்குவது அங்கேதான்.