குதிரைப் பந்தயத் தளம்: போன வாரம் எழுதியதற்குப் புதுப்பிப்பு

போன வாரம் ஒரு ஆன்லைன் குதிரைப் பந்தயத் தளத்தைப் பற்றி எழுதியிருந்தேன். எழுத்து ரொம்பப் பொடிசு, பணம் போடும் பொத்தான் பளிச்சென்று இருக்கிறது, எடுக்கும் பொத்தானைத் தேட வேண்டியிருக்கிறது என்பது என் குறை. "வயசானவங்க கையில கொடுத்துப் பாருங்க" என்று ஒருவர் சொன்னார். சரி என்று தண்டையார்பேட்டையில் பெரியப்பாவிடம் கொடுத்தேன். ஒரு காலத்தில் கிண்டி ரேஸ் மைதானத்துக்குப் போய் கவுண்டரில் டிக்கெட் வாங்கியவர். வின், பிளேஸ், டனாலா என்று பந்தயம் கட்டும் வகைகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி.

டனாலாவுக்கு முதல் மூன்று குதிரைகளையும் வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். அவர் 4, 7, 2 என்று தொட்டார். திரையில் 2, 4, 7 என்று வந்தது. தளம் தானாகவே எண் வரிசையில் அடுக்கிவிட்டது! "என்னடா இது, நான் சொன்னதே வேற" என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நல்லவேளை, பணம் கட்டும் முன்பே நிறுத்திவிட்டோம். இருப்பதிலேயே பெரிய குறை இதுதான். எனக்கு முதலில் கண்ணில் படவில்லை.

அப்புறம் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் குதிரைப் பந்தயத்துக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 40 ஆகிவிட்டது. பணம் கட்டும் திரையில் அதைத் தனியாகக் காட்டவே இல்லை.

எடுக்கும் பொத்தானை மட்டும் இப்போது முகப்புக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், நல்ல மாற்றம். டனாலா விஷயத்தை ஸ்கிரீன்ஷாட்டோடு அவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். அது சரியாகும்வரை என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டுதான்.