அப்பா பெயரில் உள்ள துப்பாக்கியை என் பெயருக்கு மாற்றுவது எப்படி? அவசரம்

காட்டுவழி:
அப்பா தவறிவிட்டார். அவர் பெயரில் துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறது, அதை என் பெயருக்கு மாற்ற வேண்டும். வி.ஏ.ஓ.விடம் போனால் தாலுகா ஆபீஸ் போகச் சொல்கிறார், அங்கே போனால் கலெக்டர் ஆபீஸ் என்கிறார்கள், கலெக்டர் ஆபீஸில் முதலில் ஸ்டேஷனில் கேளுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உயில் இருக்கிறது, அதில் துப்பாக்கி எனக்குத்தான் என்று தெளிவாக எழுதியிருக்கிறார். எந்த படிவம், எங்கே கொடுப்பது? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

மலைத்தோட்டம்:
ஆழ்ந்த இரங்கல். ஆனால் நீங்கள் எதுவுமே சொல்லவில்லையே. என்ன துப்பாக்கி? முன்னால் மருந்து கெட்டிப்பதா, மடக்கித் தோட்டா போடுவதா? பயிர்ப் பாதுகாப்புக்கு வாங்கியதா, உயிர்ப் பாதுகாப்புக்கா? அப்பா இறந்து எவ்வளவு நாள் ஆகிறது? நீங்கள் குடியிருப்பது ஊரிலா, வெளியூரிலா?

வக்கீல் குமாஸ்தா:
உயில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. உயிலையும் இறப்புச் சான்றையும் வைத்து மனு கொடுங்கள், மாற்றித்தான் ஆக வேண்டும்.

பழைய ரைட்டர்:
குமாஸ்தா சார், இது பட்டா மாறுதல் இல்லை. இதையே இங்கே எத்தனை முறை எழுதுவது? உயில் வழியாகப் பொருள் வரும், உரிமம் வராது. உரிமம் ஆளுக்குக் கொடுப்பது, அந்த ஆளோடு முடிந்தது. மகன் புதிதாக வாங்க வேண்டும். கேள்வி கேட்டவர் முதலில் ஒன்று சொல்லட்டும், துப்பாக்கி இப்போது எங்கே இருக்கிறது?

காட்டுவழி:
வீட்டு பீரோவில் பூட்டி வைத்திருக்கிறோம். 12 போர் (bore, குழல் அளவு) இரட்டைக்குழல், 1988ல் வாங்கியது. அப்பா போய் ஐந்து மாதம் ஆகிறது. லைசென்ஸ் 2027 வரை இருப்பதால் அவசரம் இல்லை என்று நினைத்தேன். நான் சென்னையில் வேலை, அம்மா மட்டும் ஊரில்.

பழைய ரைட்டர்:
ஐந்து மாதம்! புத்தகத்தில் 2027 என்று இருப்பது உங்கள் அப்பாவுக்கு. இன்று உங்கள் அம்மா உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கிறார், சட்டம் அப்படித்தான் பார்க்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு 2 ஆண்டுக்குக் குறையாத சிறை. 1959 ஆயுதச் சட்டம் பிரிவு 21ஐப் படியுங்கள், வீண் தாமதம் இல்லாமல் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். நாளைக்கே ஊருக்குப் போங்கள். படிவம் எல்லாம் அப்புறம்.

டெக்சாஸ் தமிழன்:
குடும்ப ட்ரஸ்ட் ஒன்று பதிவு செய்து அதன் பெயரில் வைத்துவிட்டால் ஒவ்வொரு தலைமுறைக்கும் இந்த அலைச்சல் இருக்காது. இங்கே அப்படித்தான் செய்கிறார்கள். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் துப்பாக்கிச் சைலன்சர்களை (சத்தம் குறைக்கும் குழாய்) ட்ரஸ்டில் வைத்திருந்தார். மகனும் ஒரு அறங்காவலர் என்பதால் பெரியவர் இறந்த அன்றும் மகன் கையில் இருந்தது குற்றம் ஆகவில்லை. பிறகு மகன் பெயருக்கே மாற்றியபோது படிவம் 5, வரி கிடையாது.

பழைய ரைட்டர்:
அது அமெரிக்காவின் 1934ஆம் ஆண்டுச் சட்டத்துக்கான ஏற்பாடு. நம் ஊருக்கும் டெக்சாஸுக்கும் என்ன சம்பந்தம்? தெரியாதவர்களைக் குழப்பாதீர்கள்.

டெக்சாஸ் தமிழன்:
குழப்பவில்லை. எந்த நாடாக இருந்தாலும் இறப்புக்கு முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

மலைத்தோட்டம்:
டெக்சாஸ் அண்ணா, நீங்கள் சொல்வது சைலன்சர், இயந்திரத் துப்பாக்கி, குழல் 18 அங்குலத்துக்குக் குறைந்த ஷாட்கன் போன்றவற்றுக்கு மட்டும்தானே? சாதாரண 12 போர் என்றால் அங்கேயே ட்ரஸ்ட் தேவைப்படாது. இங்கே அந்த முறையே இல்லை. ஆனால் முன்பே செய்திருக்கலாம் என்பது சரி. 2016 ஆயுத விதிகளில் விதி 25 இருக்கிறது. உரிமம் வைத்திருப்பவருக்கு 70 வயது ஆனாலோ, 25 ஆண்டு வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். என் அப்பா அப்படித்தான் எனக்குக் கொடுத்தார். வீட்டில் பெரியவர் பெயரில் துப்பாக்கி இருக்கிறவர்கள் இதை இன்றைக்கே பேசுங்கள்.

வக்கீல் குமாஸ்தா:
நான் சொன்னதும் முழுத் தவறில்லை. துப்பாக்கி யாருக்கு என்று தகராறு வந்தால் உயில்தான் பேசும். வேறு வாரிசு இருக்கிறார்களா என்று இவர் இன்னும் சொல்லவே இல்லை.

பழைய ரைட்டர்:
இந்த முறை குமாஸ்தா கேட்டது நல்ல கேள்வி. தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகள் ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கொடுக்கும் பிரமாணப் பத்திரம், இறப்புச் சான்று, அப்பாவின் லைசென்ஸ் புத்தகம் இவையெல்லாம் வேண்டும். விண்ணப்பம் ஏ-1 படிவத்தில். கையாளும் பயிற்சிச் சான்றும் கேட்பார்கள். நீங்கள் குடியிருப்பது சென்னை என்றால் உரிமம் தருவது போலீஸ் கமிஷனர், உங்கள் ஊர்க் கலெக்டர் இல்லை. உங்களை அலையவிட்டதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஸ்டேஷன் அறிக்கை வந்த பிறகுதான் முடிவு. கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை, மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். உரிமம் கிடைக்காவிட்டால் உரிமம் உள்ளவருக்கோ டீலருக்கோ விற்கலாம், ஆனால் அதற்குக் கெடு உண்டு. கெடு தாண்டினால் அரசே பறிமுதல் செய்யலாம், அதனால் ஒப்படைத்த ரசீதை வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வெளியே வராதீர்கள்.

மலைத்தோட்டம்:
எடுத்துப் போகும் முன் குழலில் தோட்டா இருக்கிறதா என்று தெரிந்த ஒருவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களாக மடக்கிப் பார்க்க வேண்டாம். மீதித் தோட்டாக்களையும் எண்ணிச் சேர்த்தே ஒப்படையுங்கள். முடிந்தால் ஸ்டேஷனுக்கு முதலில் போன் செய்து, அவர்களையே வீட்டுக்கு வந்து எடுக்கச் சொல்லுங்கள்.

காட்டுவழி:
ஒப்படைத்தாயிற்று. போன் செய்ததும் ஏட்டையா ஒருவர் வீட்டுக்கே வந்து குழலைப் பார்த்து, 11 தோட்டாவோடு எடுத்துக்கொண்டார். ரசீது வாங்கிவிட்டேன். அம்மா அன்று ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினார். வாரிசுச் சான்றுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். ஒரு தங்கை, துபாயில் இருக்கிறாள். எல்லோருக்கும் நன்றி.

வக்கீல் குமாஸ்தா:
தங்கையின் பிரமாணப் பத்திரத்தை அங்கே உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் செய்து வாங்குங்கள். வெள்ளைத் தாளில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது.

மலைத்தோட்டம்:
பயிற்சிச் சான்று எங்கே வாங்கினீர்கள் என்று பிறகு வந்து எழுதுங்கள் தம்பி. என் மாமாவுக்கு இப்போது 71.