தண்டனை குறைய எதைக் காட்ட வேண்டும்?

கேள்வி (சட்டக்கல்லூரி மாணவி):
கொலை வழக்குத் தீர்ப்புகளை வாசித்துக்கொண்டிருக்கிறேன். குற்றம் நிரூபணமானது என்று சொல்லப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். தண்டனைக்கு ஒரே பத்தி: 'எதிரியிடம் (அதாவது குற்றம் சாட்டப்பட்டவரிடம்) தண்டனை குறித்துக் கேட்கப்பட்டது. வயதான தாயாரும் சிறு குழந்தைகளும் இருப்பதாகக் கூறிக் கருணை வேண்டினார்.' அவ்வளவுதான். தண்டனையைத் தணிக்கும் சான்று என்பது இதுதானா? அப்புறம், இறந்தவரின் குடும்பம் எதிரே உட்கார்ந்திருக்கும்போது கொன்றவரின் சிறுவயதுக் கதையை எதற்குக் கேட்க வேண்டும்?

பதில் (எதிரி தரப்பு வழக்கறிஞர், மேல்முறையீடுகள்):
அந்தப் பத்தியைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம் வரும். ஒரு சாட்சி இல்லை, ஒரு காகிதம் இல்லை, வெறும் கெஞ்சல். வாய்வார்த்தையோடு முடிப்பதற்கில்லை, இரு தரப்பும் ஆவணமும் சான்றும் கொடுக்கலாம் என்று சாந்தா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1976இலேயே சொல்லிவிட்டது. தண்டனை குறித்து எதிரியைக் கேட்க வேண்டும் என்ற விதி அன்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் 235(2), இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 258(2). காலையில் தீர்ப்பு, மதியம் தண்டனை என்றால் எந்த வக்கீல் எங்கே போய் எதைத் திரட்டுவார்?

நான் தேடுவது இவற்றை: பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, டிஸ்சார்ஜ் சம்மரி, தலையில் அடிபட்டபோது எடுத்த ஸ்கேன், மனநல மருத்துவரின் சீட்டு, சிறை நடத்தை அறிக்கை. குடும்பத்தாரிடம் ஒரு தடவை பேசினால் போதாது. அக்கா முதலில் 'நல்ல பையன் சார்' என்று மட்டும் சொல்வார். அப்பா அவனைத் தூணில் கட்டிவைத்து அடித்தது பல தடவை போன பிறகுதான் வெளியே வரும், அதுவும் அம்மா எழுந்து உள்ளே போனதும், தணிந்த குரலில்.

பள்ளிப் பதிவேட்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தூக்குத் தண்டனை பெற்று 28 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்த ஒருவரை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. பதிவேட்டின்படி, சம்பவத்தின்போது அவருக்கு வயது 12. சிறார் என்பது தணிப்பையும் தாண்டிய விஷயம், சரி. ஆனால் அந்தப் பதிவேட்டை ஆரம்பத்திலேயே யாராவது தேடிப் போயிருக்க வேண்டாமா?

சிறுவயதுக் கதையைச் சொல்வதால் குற்றம் இல்லையென்று ஆகிவிடாது. குற்றத்தோடு குற்றவாளியையும் பார்க்க வேண்டும் என்றது 1980இன் பச்சன் சிங் தீர்ப்பு. திருந்த வாய்ப்பில்லை என்பதை அரசுதான் சான்றுகளோடு நிரூபிக்க வேண்டும் என்றும் சொன்னது.

பதில் (முன்னாள் அரசு வழக்கறிஞர்):
வறுமையில் வளர்ந்த எல்லாரும் கொலை செய்வதில்லை. ஒரு வழக்கில் இறந்த சிறுமியின் தாய் என்னிடம், "அவனுக்கு என்ன வயசுன்னு எல்லாரும் கேக்குறீங்க, என் பிள்ளைக்கு என்ன வயசுன்னு கேக்கலியே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இருந்தாலும், தூக்கு விதிக்கக்கூடிய வழக்குகளில் எதிரியின் மனநல மதிப்பீட்டை அரசே முன்கூட்டித் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2022இல் மனோஜ் வழக்கில் சொல்லிவிட்டார்கள். அதை அரசு தரப்பு சுமையாக நினைக்கக்கூடாது.

பதில் (எதிரி தரப்பு வழக்கறிஞர்):
அந்தத் தாய் கேட்டது நியாயம். அவருடைய இழப்பும் அதே தராசில்தான் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். வறுமை என்று மொட்டையாகச் சொன்னால் எந்த நீதிபதியும் ஏற்கத் தேவையில்லை. எந்த வயதில் என்ன நடந்தது, அது அந்த ஆளை என்ன செய்தது என்று தொடர்புபடுத்திக் காட்ட வேண்டும்.

மாணவி:
தூக்குக்கு இடமில்லாத வழக்குகளில் இதற்கெல்லாம் பயன் உண்டா?

பதில் (எதிரி தரப்பு வழக்கறிஞர்):
நிச்சயமாக. சட்டம் குறைந்தபட்சத் தண்டனை விதித்திருந்தால் அதற்குக் கீழே போக முடியாது, ஆனால் அதற்கு மேலே எவ்வளவு என்பதில் இடமிருக்கிறது. எதிரிக்கு 21 வயது ஆகவில்லை, குற்றமும் ஆயுள் தண்டனைக்குரியதல்ல என்றால், 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் (சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையின் பேரில் விடுவிப்பதற்கான சட்டம்) 6ஆம் பிரிவைப் பாருங்கள். நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டாக வேண்டும், சிறைக்கு அனுப்பினால் காரணம் எழுதியாக வேண்டும்.

குற்றப்பத்திரிகை நகல் கைக்கு வந்த வாரமே பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் ஆளனுப்புங்கள். பழைய கேஸ் ஷீட்டை மருத்துவமனைகள் ரொம்ப வருஷம் வைத்திருப்பதில்லை.