விடிய விடியக் கூத்தா, பத்து மணிக்கு மங்களமா?

வேப்பமரத்தடி:

செய்யாறு பக்கம் எங்கள் ஊர். சித்திரையில் திரௌபதி அம்மன் கோயிலில் கொடி ஏறினால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாள் காலையில் துரியோதனனை வீழ்த்தும் படுகளம், மாலையில் தீமிதி. பத்து இரவும் கூத்து என்பது தாத்தா காலத்து ஏற்பாடு. போன ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டத்தில் ஒரு யோசனை வைத்தார்கள். கூத்து மூன்று இரவு போதும், மற்ற நாட்களில் பாட்டுக் கச்சேரியும் பட்டிமன்றமும் வைத்துக்கொள்ளலாம், எதுவானாலும் பத்து மணிக்கு முடிந்துவிட வேண்டும். அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்கிறார்கள்.

நான் எழுந்து எதிர்த்தேன். "நீ சென்னையிலிருந்து இரண்டு நாள் வந்து போகிறவன், உனக்கென்ன" என்று உட்கார வைத்துவிட்டார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்: பத்து மணிக்கு முடிகிற கூத்து கூத்தா? உங்கள் ஊர்களில் என்ன செய்கிறார்கள்?

கோயில்தெருக்காரி:

நானும் அந்தப் பக்கத்துக்காரிதான். கோயிலுக்கு நேர் பின்வீடு. கூம்பு ஒலிபெருக்கி கட்டுகிற கம்பம் எங்கள் திண்ணையை ஒட்டித்தான் நிற்கிறது.

நான் சிப்காட்டில் செருப்புத் தொழிற்சாலைக்குப் போகிறேன். கம்பெனி பஸ் காலை ஐந்தரைக்கு ஏரிக்கரையில் நிற்கும். அதற்குள் சோறு வடித்து, குழம்பு வைத்து, மாமியாருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு ஓட வேண்டும். பத்து இரவும் தூங்காமல் அட்டை வெட்டும் இயந்திரத்தின் முன் நிற்பது என்றால் என்னவென்று தெரியுமா? போன வருடம் ஏழாம் நாள் பஸ்ஸிலேயே தூங்கிவிட்டேன்.

உங்கள் தாத்தா காலத்தில் அறுவடை முடிந்து, ஏர் கட்டுவதற்கு இன்னும் நாள் இருந்தது. ஊரே பகலில் தூங்கியது. இன்று தெருவுக்குப் பத்துப் பெண்கள் அந்தப் பஸ்ஸில் ஏறுகிறோம். திருவிழாவுக்காகப் பஸ் நேரத்தை மாற்ற மாட்டார்கள்.

தலைக்கட்டு:

சகோதரி சொல்வதை அப்படியே ஆமோதிக்கிறேன். நான் எங்கள் ஊர் விழாக் குழுவில் இருக்கிறேன், வந்தவாசி பக்கம். வரி வசூலிக்க வீடு வீடாக ஏறி இறங்குகிறவர்களுக்குத்தான் ஊரின் மனம் தெரியும். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று கேட்டால் இளைஞர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "இந்த வருடமாவது பாட்டுக் கச்சேரி உண்டா?" பணம் கொடுப்பவன் விருப்பத்தைக் கேட்காமல் எப்படி விழா நடத்துவது?

இன்னொன்று. இரவு மூன்று மணிக்குக் கூத்துக்களத்தைப் போய்ப் பாருங்கள். ஆடுகிறவர்கள் பன்னிரண்டு பேர். எதிரே விழித்திருப்பவர்கள் அதில் பாதி. மற்றவர்கள் பாயில் சுருண்டு கிடப்பார்கள். யாருக்காக ஆடுகிறார்கள்? பழமை என்று சொல்லிச் சொல்லி அவர்களையும் வதைக்கிறோம்.

முகவீணை:

என் அப்பா துரியோதனன் வேடக்காரர். முப்பது வருடத்துக்கு மேல் கட்டை கட்டுகிறார், அதாவது தோளிலும் மார்பிலும் தலையிலும் மர அணிகள் பூட்டி ஆடுகிறார். ஆகவே நான் ஒரு பக்கம் சாய்ந்துதான் பேசுவேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தலைக்கட்டு அண்ணா, பாயில் படுத்திருப்பவர்கள் தூங்குகிறார்கள் என்று நினைக்கிறீர்களே, கூத்து பார்ப்பது என்பதே அப்படித்தான். பாதித் தூக்கத்தில் பின்பாட்டு காதில் விழும். கோமாளியான கட்டியக்காரன் ஒரு வார்த்தை விட்டால் தூங்கிக்கொண்டிருந்த கிழவி சிரிப்பாள். துகில் உரியும் இரவன்று பாருங்கள், ஒருவர்கூடப் படுத்திருக்க மாட்டார்கள். துச்சாசனன் புடவையைத் தொடுவதற்கு முன் கற்பூரம் ஏற்றி, "தாயே, இது வேடம், வயிற்றுப் பிழைப்பு, பொறுத்துக்கொள்" என்று கும்பிடுவார். அதுவரை போண்டா தின்றுகொண்டிருந்தவர்களெல்லாம் எழுந்து நிற்பார்கள். அந்தக் கட்டம் வர இரவு இரண்டு மணி ஆகும். அதற்கு முந்திய நான்கு மணி நேரம் இல்லாமல் அது வராது.

பத்து மணிக்கு முடிக்கச் சொன்னால் எங்கிருந்து வெட்டுவது? அப்பா அரிதாரம் பூசவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. தேங்காயெண்ணெயில் குழைத்த வண்ணத்தைச் சின்னக் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு அவரே தீட்டிக்கொள்வார். பிறகு இடுப்பில் பழைய புடவைகளைச் சுற்றி, பாவாடை கட்டி, மார்புப் பதக்கம், புஜகீர்த்தி, கிரீடம். கட்டுகிறவர் முதுகில் முழங்காலை ஊன்றிக் கயிற்றை இழுப்பார். அவ்வளவு இறுக்காவிட்டால் கிறுகிறுவென்று சுற்றும்போது கட்டை நழுவிவிடும். பிறகு திரை பிடித்து, திரைக்குப் பின்னாலிருந்து விருத்தம் பாடி, கொஞ்சம் கொஞ்சமாக முகம் காட்டி வெளியே வர இன்னும் அரை மணி. இதைக் குறைத்தால் மிஞ்சுவது பள்ளி ஆண்டு விழா நாடகம்.

பங்குனி முதல் ஆடி வரைதான் எங்களுக்கு ஓட்டம். அதில் சேர்ப்பதுதான் ஐப்பசி மழையில் அரிசி. பத்து இரவை மூன்றாக்கினால் ஜமாவில், அதாவது எங்கள் கூத்துக் குழுவில், இருக்கும் மத்தளக்காரர் கட்டட வேலைக்குப் போய்விடுவார். ஏற்கெனவே ஒருவர் போய்விட்டார்.

நீதிமன்ற வாசல்:

உணர்ச்சி ஒரு பக்கம் இருக்கட்டும். ஒலி மாசு விதிகள் 2000-இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு மாநில அரசு நள்ளிரவு 12 வரை தளர்வு தரலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் போகாமல். குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. விடிய விடிய என்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. யாராவது ஒருவர் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் போதும், துரியோதனன் சாவதற்குள் கூத்தே நின்றுவிடும்.

வேப்பமரத்தடி:

அப்படியானால் மைக் இல்லாமல் ஆடலாமே? எண்ணெய்ப் பந்தம் பிடித்து ஆடிய காலத்தில் மைக் ஏது? ஊர்க்கோடி வரை கேட்கிற குரல் அவர்களுக்கு இருந்தது.

நீதிமன்ற வாசல்:

2010-இல் விதியைத் திருத்தி இசைக்கருவிகளையும் சேர்த்துவிட்டார்கள். மத்தளமும் முகவீணையும் அதில் அடங்கும். ஆனால் நடைமுறையில் கூம்பு ஒலிபெருக்கி இல்லாவிட்டால் யாரும் புகார் கொடுப்பதில்லை, அதிகாரியும் கண்டும் காணாமல் போய்விடுவார். இதை வக்கீலாகச் சொல்லவில்லை, கூத்து பார்த்தவனாகச் சொல்கிறேன். நானும் சிறுவயதில் அல்லி அர்ச்சுனா பார்த்துவிட்டு மறுநாள் வகுப்பில் அடி வாங்கியவன்தான்.

கோயில்தெருக்காரி:

அந்தக் கூம்பைக் கழற்றினால் நான் பாதிச் சண்டையை விட்டுவிடுவேன். கூத்தின் மேல் எனக்கு என்ன கோபம்? நான்கு பக்கமும் கூம்பு கட்டி, அதில் நடுநடுவே "வாழைத்தார் உபயம் இன்னார்" என்று அறிவிப்பு வேறு. தூக்கத்தைக் கெடுப்பது பாஞ்சாலி அல்ல, வாழைத்தார்.

ஆனால் தலைக்கட்டு சொல்லும் பாட்டுக் கச்சேரிக்கு நான் வர மாட்டேன். போன ஆடியில் பக்கத்து ஊரில் வைத்தார்கள். எட்டரை மணிக்குக் குடித்துவிட்டு வந்த கூட்டம் மேடைக்கு முன்னால் ஆடத் தொடங்கியது. பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டோம். கூத்துக்குச் சாயங்காலமே பிள்ளைகளை அனுப்பிப் பாய் விரித்து இடம் பிடிப்போம். நடு இரவில் தனியாக நடந்து வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தாலும் பயம் இருந்ததில்லை. இதையும் கணக்கில் வையுங்கள்.

தலைக்கட்டு:

குடிப்பவன் கூத்துக்கும் குடித்துவிட்டுத்தான் வருகிறான், சகோதரி. இருட்டில் உங்களுக்குத் தெரிவதில்லை. நாங்கள் கயிறு கட்டி, பெண்களுக்குத் தனி இடம் ஒதுக்கி நடத்தினோம், ஒரு தகராறும் வரவில்லை. எல்லாக் கச்சேரியையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

முகவீணைக்கு ஒரு கேள்வி. உங்கள் அப்பாவின் வேடத்தை அடுத்துக் கட்டப்போவது யார்? நீங்களா? உங்கள் பிள்ளைகளா? நீங்களே விட்டுவிட்டுப் போகிற ஒன்றை ஊர் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?

முகவீணை:

கேட்க வேண்டிய கேள்விதான். நான் பெண். என் சின்ன வயதில் பெண் பிள்ளைக்குக் கட்டை கட்ட மாட்டார்கள், பாஞ்சாலி வேடத்தைக்கூட ஆண்தான் போடுவார். பிறகு காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துக் குருகுலம் வந்தது. அங்கே பெண் பிள்ளைகளும் பயின்று மேடை ஏறினார்கள். எனக்கு அப்போது கல்யாணம் ஆகிவிட்டது. என் தம்பி பையன் அபிமன்யு வேடம் போடுகிறான், பதினாறு வயது. மே மாதம் நீட் எழுதப் போகிறான் என்று அவன் அம்மா இந்த வருடம் நிறுத்திவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

நாங்கள் விட்டுவிட்டுப் போகவில்லை அண்ணா. ஊர் தாம்பூலம் வைத்தால் ஆட ஆள் இருக்கிறது.

ஏரிக்கரை:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் "ஊர்" "ஊர்" என்று எழுதுகிறீர்கள். நான் காலனிக்காரன். எங்கள் ஊர் விழாவில் பல வருடம் எங்களிடம் வரி வாங்கவே மாட்டார்கள். வரி வாங்கினால் உரிமை வந்துவிடும் என்று பயம். கூத்தை ஏரிக்கரை மேட்டில் நின்று பார்த்தோம். இந்த விவாதத்தில் எந்த மணிக்கு முடிப்பது என்பதை விட யார் எங்கே உட்காருவது என்பது எனக்குப் பெரிய கேள்வி. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் பட்டியல் சாதியினர் நுழைவதைத் தடுத்த பிரச்சினையில் திரௌபதி அம்மன் கோயிலையே 2023-இல் பூட்டி முத்திரை வைத்தார்கள். அங்கே அந்த வருடம் கூத்துக்கு மூன்று இரவா பத்து இரவா என்று யாராவது கேட்டிருப்பார்களா?

இதையும் சொல்லிவிட வேண்டும். பாட்டுக் கச்சேரி என்றால் எங்கள் பையன்கள் முன்வரிசையில் போய் நிற்கிறார்கள், யாரும் எதுவும் சொல்வதில்லை. கூத்துக்களத்தில் அது இன்றும் எல்லா ஊரிலும் நடப்பதில்லை. அதனால் கச்சேரி கேட்கிற இளைஞர்கள் எல்லோரும் பண்பாடு தெரியாதவர்கள் என்று பேசாதீர்கள்.

வேப்பமரத்தடி:

ஏரிக்கரை ஐயா, பதில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எங்கள் ஊரில் படுகளத்தன்று துரியோதனன் உருவத்துக்கு மண் வெட்டிப் போடுவது காலனி ஆட்கள்தான். பத்து ஆள் நீளத்துக்குப் படுத்திருக்கும் அந்த உருவத்தின் தொடையில் பீமன் அடித்து, பாஞ்சாலி கூந்தலை முடிந்த பிறகு, ஊரார் அந்த மண்ணை நெற்குதிருக்கும் வயலுக்கும் அள்ளிக்கொண்டு போவார்கள். வெட்டியவர்கள் அள்ளியதை நான் பார்த்ததில்லை. இதுவரை அதைக் கவனித்ததும் இல்லை.

அடுத்த கூட்டத்தில் இதையும் எழுப்பப் போகிறேன். வரியும் எல்லோரிடமும், பாயும் எல்லோருக்கும்.

ஏரிக்கரை:

எழுப்புங்கள். நீங்கள் இரண்டு நாளில் சென்னைக்குப் போய்விடுவீர்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு எழுப்புங்கள்.

முகவீணை:

அப்பாவிடம் இன்று மாலை இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். தொழிற்சாலைக்குப் போகும் அக்கா சொன்னதைக் கேட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கூம்பு வேண்டாம், களத்தைப் பார்த்து இரண்டு பெட்டி போதும். ஆறு இரவாக வைத்துக்கொள்ளட்டும். சனிக்கிழமையில் துகில், கடைசியில் கர்ண மோட்சமும் பதினெட்டாம் போரும் மட்டும் விடிய விடிய. மற்றவை பன்னிரண்டுக்கு முடித்துத் தருகிறேன்" என்றார். பத்து மணி என்றால் வேறு ஜமாவைப் பார்க்கச் சொன்னார். சட்டம் பன்னிரண்டு வரைதானே என்றேன். "எந்த வருடம் சட்டப்படி செத்தேன்" என்றார்.

தலைக்கட்டு:

ஆறு அதிகம். நான்கு என்றால் என் குழுவில் பேசிப் பார்க்கலாம், இரண்டு நாள் கச்சேரி கட்டாயம் வேண்டும். வரி கொடுக்கும் பையன்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

கோயில்தெருக்காரி:

நான்கோ ஆறோ, சனி ஞாயிற்றில் போடுங்கள், நானும் பாய் கொண்டுவருகிறேன். துகில் பார்த்துப் பல வருடம் ஆகிறது. போண்டாக் கடையை மட்டும் என் வாசலில் போடக் கூடாது.