பேச்சு வராத குழந்தைக்கு ரெய்கி: போகலாமா?

திண்டுக்கல் அம்மா:
மகனுக்கு இரண்டே முக்கால் வயது. 'மா', 'தா' தவிர வார்த்தை இல்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். பிஸ்கட் பாக்கெட் பிரித்தால் அடுத்த அறையிலிருந்து ஓடி வருவான். நாத்தனார் ஒரு ரெய்கி மையம் சொல்கிறார். தலைக்கு மேல் கையை வைத்துச் சக்தியைச் சீராக்குவார்களாம். ஆனால் 'ஸ்பீச் தெரபியை நிறுத்துங்கள், சக்தி குழம்பும்' என்கிறார்கள். என்ன செய்ய?

பேச்சுப் பயிற்சியாளர்:
தெரபியை நிறுத்தச் சொல்கிற இடத்துக்குப் போகவே வேண்டாம் அம்மா. முதலில் காது. பிஸ்கட் சத்தம் கேட்கிறது என்பதற்காகக் காது சரி என்று விட்டுவிடாதீர்கள். சில சுருதிகள் மட்டும் கேட்காமல் போகலாம். 'பேரா' (BERA) பரிசோதனை எடுங்கள், சத்தம் காதிலிருந்து மூளைக்குப் போகிறதா என்று பார்க்கிற சோதனை அது. குழந்தை தூங்கும்போது நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்ன ஒயர்களை ஒட்டி எடுப்பார்கள், வலிக்காது. மாவட்ட அரசு மருத்துவமனையில் 'டி.இ.ஐ.சி. எங்கே' என்று விசாரியுங்கள் (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கவனிக்கிற மாவட்ட மையம்), காசு கேட்க மாட்டார்கள். அப்புறம், பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவன் முகம் பார்க்கும்வரை காத்திருங்கள். பார்த்ததும் 'தா' என்று சொல்லி, பிஸ்கட்டைக் கொடுங்கள். அதுவும் தெரபிதான்.

கணக்கு வாத்தியார்:
ரெய்கிக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி 'தெரப்யூட்டிக் டச்' என்று ஒன்று, உடம்பின் சக்தியைத் தொடாமலே கையால் உணர முடியும் என்பார்கள். அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற பள்ளிச் சிறுமி அதைச் சோதித்தாள். அந்தச் சிகிச்சை செய்கிறவர்களைத் தடுப்புக்குப் பின்னால் இரு கைகளையும் நீட்டச் சொல்லி, எந்தக் கைக்கு அருகே தன் கை இருக்கிறது என்று கேட்டாள். 21 பேரும் சேர்ந்து 44 சதவீதம்தான் சரி. காசு சுண்டியிருந்தால் பாதியாவது தேறியிருக்கும்! 1998-ல் ஜாமா மருத்துவ இதழில் வந்தது.

திண்டுக்கல் அம்மா:
சரி, திங்கட்கிழமை பெரியாஸ்பத்திரிக்குப் போகிறோம். நாத்தனாரிடம் யார் சொல்வது?