முதல்வர்கள் பேசிய அன்று எங்கள் மாடி வீட்டில்

பெங்களூரில் காவிரி என்றால் எல்லாரும் 1991 கலவரத்தைச் சொல்வார்கள், இல்லாவிட்டால் 2016-ஐ. எனக்கு மறக்காதது 2012 நவம்பர் 29, வியாழக்கிழமை.

"இரண்டு முதல்வர்களும் உட்கார்ந்து பேசிப் பாருங்களேன்" என்று உச்ச நீதிமன்றம் சொல்ல, ஜெயலலிதா பெங்களூருக்கே வந்தார். பழைய ஏர்போர்ட் ரோட்டில் லீலா பேலஸ் ஹோட்டலில் கர்நாடக முதல்வர் ஜெகதீஷ் ஷெட்டரோடு சந்திப்பு. என் ஆபீஸ் முருகேஷ்பாளையாவில், கொஞ்சம் தள்ளி. காலையிலிருந்தே ரோடு முழுக்கக் காக்கி. கன்னடக் கொடி நிறத்தில் மஞ்சள் சிவப்புத் துண்டு போட்ட ஒரு கூட்டத்தைப் போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து அப்பா போன். பஸ்ஸில் தமிழில் பேசினால் யாரும் ஒன்றும் செய்துவிடப் போவதில்லை. ஆனாலும் எடுக்கவில்லை.

மதியம் கூப்பிட்டேன். "என்னப்பா, அங்கதான் பேசுறாங்களாமே, தண்ணி விடுவாங்களா?" என்னமோ அந்த அறையில் டீ கொடுப்பதே நான்தான் என்பது போல. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்காமல் குறுவை போச்சு. செப்டம்பரில் திறந்ததை நம்பி விதைத்த மூன்று ஏக்கர் சம்பா தூர் கட்டி நிற்கிறது. திருத்துறைப்பூண்டிப் பக்கம், கடைமடை.

தமிழ்நாடு கேட்டது 30 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி). ஒரு மணி நேரம் போலப் பேசினார்கள். கர்நாடகா முடியாது என்றுவிட்டது.

சாயங்காலம் வாடகை கொடுக்கக் கீழே போனால், ஓனரம்மா அதே செய்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மண்டியாக்காரர். விஸ்வேஸ்வரய்யா கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர். "நமகே நீரில்லா கணப்பா" என்றார். கோபமில்லை, அலுப்பு. அப்புறம், உங்கப்பாவுக்கு எத்தனை ஏக்கர் என்றார். சொன்னேன். "நீங்கள் இரண்டு போகம் கேட்கிறீர்கள், எங்களுக்கு ஒன்றுக்கே வழியில்லை" என்று கன்னடத்தில் கொஞ்சம் சூடாகவே வந்தது. எங்களுக்கும் இந்த வருஷம் ஒரு போகம்தான் ஆன்ட்டி என்றேன். டிவி சத்தத்தைக் குறைத்தார். நெல் மூட்டை விலை, ஆள் கூலி, உரம் என்று அரை மணி நேரம் போனது. முதல்வர்கள் இதையெல்லாம் பேசியிருப்பார்களா, தெரியவில்லை. இருவரும் விட்டுக்கொடுத்தோமா என்றால், அதுவும் இல்லை.

2018-இல் உச்ச நீதிமன்றக் காவிரித் தீர்ப்பில் பெங்களூர்க் குடிநீருக்கென்று 4.75 டிஎம்சி சேர்த்துக் கொடுத்தார்கள். அதைப் படித்தபோது ஞாபகம் வந்தது 2012-இன் அந்த ராத்திரிதான். ஒன்பது மணிக்குக் கீழேயிருந்து குரல்: "நீரு பந்திதே, ஹிட்கோ!" தண்ணீர் வந்தாச்சு, பிடித்துக்கொள் என்று. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் காவிரித் தண்ணீர், தொரெகாடனஹள்ளியிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் பம்ப் அடித்து வருவது. வாளியை வைத்தேன். அப்பா மறுபடி கூப்பிட்டார்.

"அங்க என்னப்பா சத்தம்?"

குழாயை மூடிவிட்டுப் பேசினேன்.